‘வரை’ என்ற சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட்டின் தேதி வரம்பும்

மதுரையில் ஒரு தங்கும் விடுதிக்கு அறை முன்பதிவு மென்பொருள் எழுதுகிற நண்பர் மூன்று சிக்கல்களைச் சொல்லி வழி கேட்டிருக்கிறார். ஏப்ரல் 1 முதல் 30 வரை அறிக்கை கேட்டால் மார்ச் 31ஆம் தேதி பில்களும் உள்ளே வந்துவிடுகின்றன. அதே அறிக்கையில் 29, 30 ஆகிய இரண்டு நாள் பில்களைக் காணவில்லை. மூன்றாவது, 12ஆம் தேதி காலி ஆகிற அறையை 12ஆம் தேதி வருகிறவருக்குக் கொடுக்க மென்பொருள் மறுக்கிறது. ஆனால் சில சமயம் ஒரே அறையைத் தயங்காமல் இருவருக்குக் கொடுத்துவிடுகிறது. தரவுத்தளத்தில் பில் நேரம் இந்திய நேரத்திலேயே பதிவாகிறதாம். “நல்ல லைப்ரரி ஒன்றைச் சேர்த்தால் தீருமா?” என்று முடித்திருக்கிறார்.

தீராது. லைப்ரரியை, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பை, தொடுவதற்கு முன்னால் நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன. உங்கள் வரம்பில் இருப்பது நாளா, கணமா? முடிவுப் புள்ளி வரம்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இவை இரண்டும் தெளிவாகாமல் எந்த லைப்ரரியைப் போட்டாலும் அதே பிழை வேறு பெயரில் திரும்பி வரும்.

நாம் பேசுகிற ‘வரை’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். “திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகம் உண்டு” என்றால் வெள்ளிக்கிழமையும் சேர்த்தி. “காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை கடை திறந்திருக்கும்” என்றால் 5 மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். 5 மணி என்கிற அந்தக் கணம் கணக்கில் இல்லை. நாளைச் சொல்லும்போது ‘வரை’ கடைசியையும் அணைத்துக்கொள்கிறது, மணியைச் சொல்லும்போது கடைசியை வெளியே தள்ளுகிறது. கேட்கிறவருக்கு இது இயல்பாகப் புரிந்துவிடுகிறது. ‘சிறியது’, ‘சிறியது அல்லது சமம்’ என்ற இரண்டு குறிகளை மட்டுமே அறிந்த நிரலுக்கு எப்படிப் புரியும்? உங்கள் மூன்று சிக்கல்களில் இரண்டு இந்த ஒரு சொல்லிலிருந்துதான் பிறக்கின்றன.

முதல் சிக்கலுக்கு வருவோம். ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘டேட்’ என்பதன் பெயரே ஏமாற்று. அதற்குள் தேதி கிடையாது. 1970 ஜனவரி 1, யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்ற ஒரே ஓர் எண் மட்டும் இருக்கிறது. அதாவது அது ஒரு கணம். அந்தக் கணத்தை எந்த ஊர்க் கடிகாரத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத் தேதி மாறும். நீங்கள் ‘நியூ டேட்(2025, 3, 1)’ என்று எழுதியிருப்பீர்கள். (3 என்றால் ஏப்ரல். மாதத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் இந்த வழக்கம் சி மொழியிலிருந்து ஜாவாவுக்கும், 1995இல் ஜாவாவிடமிருந்து ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் வந்தது. ஜாவா அந்த வகுப்பின் பெரும்பாலான செயற்கூறுகளை 1997இலேயே கைவிடச் சொல்லிவிட்டது. வாங்கியவர்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறார்.) இந்தியக் கணினியில் அது ஏப்ரல் 1, நள்ளிரவு 12 மணி. நம் கடிகாரம் யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஆகவே அதே கணம் யுடிசியில் மார்ச் 31, மாலை 18:30. நீங்கள், கணத்தை யுடிசி நேரத்தில் எழுதித் தரும் ‘டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்’ போட்டு முதல் பத்து எழுத்துகளை வெட்டி சர்வருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். கிடைப்பது “2025-03-31”. அதே கையோடு முடிவுத் தேதியும் 30இலிருந்து 29க்கு இறங்கிவிட்டது. காணாமல் போன இரண்டு நாட்களில் 30ஆம் தேதி இப்படித்தான் தொலைந்தது. 29ஐத் தொலைத்தது வேறொருவர். அவரைப் பிறகு பார்ப்போம்.

இந்த ஐந்தரை மணி நேரத்தால் நானும் அடிபட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதிக்காகவே எழுதிய நிரல். பில்லின் நேரத்தை யுடிசியாக்கி, பத்து எழுத்தை வெட்டி, நாள்வாரியாகக் கூட்டினேன். எட்டு மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நிதியாண்டு முடிந்ததும் தணிக்கையாளர் அழைத்தார். அதிகாலை ரயிலைப் பிடிக்க 4 மணிக்கு அறையைக் காலி செய்த ஒருவரின் பில்லில் ஏப்ரல் 1 என்று அச்சாகியிருக்கிறது. என் அறிக்கையிலோ அது மார்ச் 31, அதாவது போன நிதியாண்டு. நள்ளிரவுக்கும் காலை 5:30க்கும் இடையில் போட்ட பில்கள் மட்டும் முந்தைய நாளுக்குப் போய்க்கொண்டிருந்தன. பகலில் அலுவலகத்தில் உட்கார்ந்து எத்தனை முறை சோதித்தாலும் இந்தப் பிழை தலைகாட்டாது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. அதை இந்தியக் கடிகாரம் மறைத்துவிடுவதால் நம்மவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. “2025-03-08” என்ற ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) அப்படியே ‘நியூ டேட்’டுக்குக் கொடுத்தால், தேதி மட்டும் இருப்பதால் அதை யுடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். பின்னால் நேரத்தையும் சேர்த்து “2025-03-08டி00:00” என்று கொடுத்தால் (அந்த ‘டி’ ஆங்கில எழுத்து) கணினி இருக்கும் ஊரின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள், தரநிலை அப்படி. முதல் வடிவம் இந்தியாவில் மார்ச் 8, காலை 5:30 ஆகும். தேதி சரியாகவே தெரியும், நாமும் நிம்மதியாகத் தூங்குவோம். நியூ ஜெர்சியில் இருக்கும் மகள், மதுரைக்கு வரும் பெற்றோருக்காக உங்கள் தளத்தில் அறை எடுக்கிறாள் என்று வையுங்கள். அவளுடைய பிரவுசரில் அதே கணம் மார்ச் 7, இரவு 7 மணி. திரையில் மார்ச் 7 என்று தெரியும்.

ஆக, விடுதியில் ‘எந்த நாள் வருகிறார், எந்த நாள் போகிறார்’ என்பது கணம் இல்லை, நாள். சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாள் போன்றது அது. அதற்கு நேர மண்டலம் கிடையாது. என் அறிவுரை: அதை ‘டேட்’ ஆக்கவே ஆக்காதீர்கள். தேதி தேர்ந்தெடுக்கும் பெட்டி உங்களுக்கு “2025-04-10” என்ற ஸ்ட்ரிங்கைத்தான் தருகிறது. அதை அப்படியே சர்வருக்கு அனுப்புங்கள், தரவுத்தளத்தில் நேரம் இல்லாத தேதிப் புலத்தில் வையுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பூஜ்ஜியம் நிரப்பி எழுதியிருப்பதால், இரண்டு ஸ்ட்ரிங்குகளைச் ‘சிறியது’ குறியால் ஒப்பிட்டாலே எது முந்தைய நாள் என்று சரியாகச் சொல்லும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். ஸ்ட்ரிங்கில் தேதி வைப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

‘இன்று’ என்ன தேதி என்பதை மட்டும் ஸ்ட்ரிங்கிலிருந்து எடுக்க முடியாது. அங்கே ‘யாருடைய இன்று’ என்று கேட்டே ஆக வேண்டும். நியூ ஜெர்சியில் மார்ச் 7, இரவு 9 மணி என்றால் மதுரையில் மார்ச் 8, காலை 7:30. அறை மதுரையில் இருக்கிறது. எனவே மதுரையின் இன்றுதான் செல்லும். கேட்ட மண்டலத்தின் தேதியை எழுதித் தரும் ‘இன்ட்ல்.டேட்டைம்ஃபார்மேட்’டுக்கு ‘ஆசியா/கொல்கத்தா’ என்ற இந்திய நேர மண்டலத்தைக் கொடுத்து, ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பகுதிகளாக வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள். சர்வரிலும் இதையே செய்யுங்கள். வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசியில்தான் ஓடும். ‘என் மடிக்கணினியில் சரியாகத்தானே வந்தது’ என்ற புலம்பலுக்கு இதுவே காரணம்.

இனி 29ஆம் தேதி. தரவுத்தளக் கேள்வியில், ‘இது முதல் இது வரை’ என்று கேட்கும் ‘பிட்வீன்’ போட்டிருக்கிறீர்கள். பில் நேரப் புலத்தில் மணியும் நிமிடமும் இருக்கின்றன. நீங்கள் கொடுத்த முடிவு, ஏற்கெனவே ஒரு நாள் இறங்கிய “2025-04-29”. தரவுத்தளம் அதை 29ஆம் தேதி நள்ளிரவு 00:00 என்று எடுத்துக்கொள்கிறது. காலை 10 மணிக்குப் போட்ட பில் அதைவிடப் பெரியது, எனவே வெளியே. முதல் பிழையை மட்டும் திருத்தினால் 29 திரும்பி வரும், 30 வராது.

இந்த இடத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியம் முடிவோடு 23:59:59 சேர்ப்பது. கடைசி நொடியில் வந்த பில் ஒன்று தப்பிப்பதைப் பார்த்தபின் அது 23:59:59.999 ஆகும். அதுவும் நிலையான மருந்து இல்லை. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளம் மைக்ரோநொடி வரை வைத்துக்கொள்ளும்; .9995 என்று பதிவான பில் உங்கள் .999ஐத் தாண்டிப் போய்விடும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் நொடியின் பின்னம் வைக்காத டேட்டைம் புலத்தில் இந்த முடிவு நேரத்தைச் சேமித்தால், அது மேல்நோக்கி முழுமையாக்கி மே 1, 00:00:00 என்று எழுதிக்கொள்ளும். ஒன்பதுகளை அடுக்கிக்கொண்டே போவதை நிறுத்துங்கள். முடிவை வெளியே வையுங்கள்: ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின், மே 1க்கு முன். தொடக்கத்துக்குச் ‘சமம்’ உண்டு, முடிவுக்கு இல்லை. நொடியை எத்தனை துண்டாக்கினாலும் இந்த விதி அசையாது. மே மாத வரம்பு மே 1இல் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளியும் இல்லை, இரட்டைக் கணக்கும் இல்லை. எண் வரிசைகளுக்கு இந்த முறையே நல்லது என்று கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. நாட்களுக்கும் அது அப்படியே பொருந்தும்.

பயனர் திரையில் “30 வரை” என்றுதான் தேர்ந்தெடுப்பார். அவரை மே 1 என்று தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். அவருடைய ‘வரை’யை வாங்கி, நிரலின் வாசற்படியிலேயே ஒரு நாள் கூட்டி, உள்ளே எங்கும் ‘முடிவு வெளியே’ என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரையில் காட்டும்போது ஒரு நாள் கழியுங்கள். இந்தக் கூட்டலும் கழித்தலும் வேறெங்கும் நடக்கக் கூடாது. பத்து இடங்களில் ‘கூட்டல் 1’ தென்படும் நிரலில் எது நியாயமானது, எது யாரோ ஒட்டுப்போட்டது என்று ஆறு மாதம் கழித்துச் சொல்ல முடியாது.

விடுதிக்கு இது இன்னும் இயல்பாகப் பொருந்துகிறது. விடுதிக்காரர் விற்பது நாளை அல்ல, இரவை. 10ஆம் தேதி வந்து 12ஆம் தேதி போகிறவர் 10, 11 ஆகிய இரண்டு இரவுகளை வாங்குகிறார். 12 அவருடையது அல்ல. எனவே 12இல் வருகிறவருக்கு அதே அறையைக் கொடுக்கலாம். 12இலிருந்து 10ஐக் கழித்தால் 2, வாடகையும் அதே 2. அலுவலக விடுப்பு வேறு: 10 முதல் 12 வரை விடுப்பு என்றால் மூன்று நாள். அங்கே வாசற்படியில் ஒன்று கூட்டிவிட்டு உள்ளே இதே கழித்தலைச் செய்யலாம்.

இப்போது இரட்டை முன்பதிவு. புதிதாக வருகிறவரின் தொடக்கம் பழைய வரம்புக்குள் விழுகிறதா, அவருடைய முடிவு விழுகிறதா என்று இரண்டு சோதனைகள் எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பழையது 11 முதல் 12, புதியது 10 முதல் 13 என்று வைத்துப் பாருங்கள். 10உம் வெளியே, 13உம் வெளியே. இரண்டு சோதனையும் ‘மோதல் இல்லை’ என்கின்றன. பழையதைப் புதியது முழுசாக விழுங்கியது யார் கண்ணிலும் படவில்லை. இதற்காக மூன்றாவது சோதனை, நான்காவது சோதனை என்று சேர்த்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. எதிர்த்திசையிலிருந்து யோசித்தால் எளிது. இரண்டு வரம்புகள் எப்போது மோதாது? ஒன்று முடிந்த பிறகு, அல்லது முடிகிற அன்றே, மற்றது தொடங்கினால் மோதாது. அதை மறுத்து எழுதினால் ஒரே வரி:

அ.தொடக்கம் < ஆ.முடிவு && ஆ.தொடக்கம் < அ.முடிவு

(இது விளக்கத்துக்காக எழுதிய போலி நிரல் அல்ல. ஜாவாஸ்கிரிப்ட் மாறிப் பெயர்களில் தமிழ் எழுத்தை ஏற்கும். இதை அப்படியே ஒட்டினால் ஓடும்.) எண்களைப் போட்டுப் பாருங்கள். 10–12, 12–14: 10 < 14 உண்மை, 12 < 12 பொய், மோதல் இல்லை, அறையைக் கொடுக்கலாம். 11–12, 10–13: 11 < 13 உண்மை, 10 < 12 உண்மை, மோதல். இரண்டு குறியிலும் ‘சமம்’ இல்லாததைக் கவனியுங்கள். நீங்கள் அங்கே ‘சமம்’ போட்டதால்தான் 12ஆம் தேதி வருகிறவர் திருப்பி அனுப்பப்பட்டார். தொடக்கம் முடிவைவிடச் சிறியதாக இல்லாத வரம்பை முதலிலேயே மறுத்துவிடுங்கள். வந்த அன்றே போகிற பூஜ்ஜிய இரவு வரம்பு இந்தச் சூத்திரத்தைக் குழப்பும்.

சூத்திரம் சரியாக இருந்தாலும் இன்னொரு ஓட்டை இருக்கிறது. இருவர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால் இரண்டு சோதனைகளும் ‘காலி’ என்று பார்த்துவிட்டு இரண்டு பதிவுகளையும் எழுதிவிடும். இதை ஜாவாஸ்கிரிப்ட்டில் தடுக்க முயலாதீர்கள், தரவுத்தளத்திடம் விடுங்கள். போஸ்ட்கிரஸில் தேதி வரம்புக்கென்றே தனி வகை இருக்கிறது. அதுவும் தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே என்றே வைத்துக்கொள்கிறது. ஒரே அறை எண்ணும் மோதும் வரம்பும் கொண்ட இரண்டாவது வரியை உள்ளே விடாத ‘எக்ஸ்க்ளூஷன்’ கட்டுப்பாடு ஒன்றைப் போட்டால் போதும்.

இரவுகளை எண்ணும்போது கவனம். இரண்டு தேதிகளின் மில்லிநொடி வித்தியாசத்தை 8,64,00,000ஆல் வகுப்பது வழக்கம். இந்தியாவில் ஒவ்வொரு நாளும் 24 மணி நேரம்தான் என்பதால் இங்கே தவறாது. நியூ ஜெர்சி மகளின் பிரவுசரில் 2025 மார்ச் 8 முதல் 10 வரை, உள்ளூர் நள்ளிரவுக் கணக்கில், 47 மணி நேரம்தான். 9ஆம் தேதி அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். வகுத்துக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் ஓர் இரவு. இரண்டு இரவு தங்குகிறவரிடம் ஒரு நாள் வாடகை வாங்குவீர்கள். கணக்குக்காக டேட் தேவைப்படும்போது இரண்டு முனைகளையும் யுடிசி நள்ளிரவாகவே உருவாக்குங்கள். அங்கே கோடைக்காலக் கடிகார மாற்றம் கிடையாது, வகுத்தால் எப்போதும் முழு எண் வரும். தேதி மட்டும் உள்ள ஸ்ட்ரிங் யுடிசியாகவே படிக்கப்படுகிறது என்று சற்று முன் திட்டினேனே, அந்தக் குணம் இங்கே உதவும். உள்ளே வந்தது யுடிசி என்றால் வெளியே எடுப்பதும் யுடிசிச் செயற்கூறுகளால் மட்டுமே இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

நாள் நாளாகச் சுற்றுவதிலும் இதுவே வழி. ஆனால் தேதியை நகர்த்தும் ‘செட்யுடிசிடேட்’ புதிய தேதியைத் தருவதில்லை, இருக்கிற ஆப்ஜெக்ட்டையே மாற்றுகிறது. சுழற்சிக்குள் அதே ஆப்ஜெக்ட்டைப் பட்டியலில் தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் பட்டியலில் முப்பது முறை மே 1 இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பத்து எழுத்து ஸ்ட்ரிங்காக மாற்றித் தள்ளுங்கள். யுடிசியில் கட்டிய தேதிக்கு ‘டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்’ பாதுகாப்பானதே.

உங்கள் விடுதியில் 24 மணி நேர செக்-அவுட் முறை உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. தமிழ்நாட்டு லாட்ஜ்களில் அது நிறைய. மாலை 4:20க்கு வந்தவர் மறுநாள் மாலை 4:20க்குப் போகலாம் என்றால், மேலே நாள் என்று சொன்னதெல்லாம் கணம் ஆகிவிடும். அப்போது டேட் ஆப்ஜெக்ட்டே சரியான கருவி. யுடிசியில் சேமித்து, இந்திய நேரத்தில் காட்டுங்கள். மோதல் சூத்திரம் ஓர் எழுத்துகூட மாறாது. இதை நிரல் எழுதத் தொடங்கும் முன் விடுதிக்காரரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டு முறையும் ஒரே கட்டடத்தில் இருந்தால் இரண்டையும் ஒரே புலத்தில் திணிக்காதீர்கள்.

மாத வாடகை அறைகள் இருந்தால் ஒன்று: ஜனவரி 31ஓடு டேட்டில் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 3 கிடைக்கும், லீப் ஆண்டில் மார்ச் 2. பிப்ரவரி கடைசி நாளில் நிறுத்துகிற லைப்ரரி என்றாலும், முந்தைய விடையோடு ஒவ்வொரு மாதமாகக் கூட்டாதீர்கள். 31, 28 ஆகி, பிறகு என்றென்றும் 28ஆகவே நின்றுவிடும். எப்போதும் முதல் தேதியிலிருந்து ‘இத்தனை மாதம்’ என்று கூட்டுங்கள்.

லைப்ரரி கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். மொமென்ட் என்ற பழைய தேதி லைப்ரரியைப் புதிய வேலைக்கு எடுக்காதீர்கள். அதை எழுதியவர்களே 2020 செப்டம்பரில் பராமரிப்பு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். லக்ஸன் என்ற லைப்ரரியின் ‘இன்டர்வல்’ (வரம்பு) முடிவை வெளியே வைக்கிறது. டேட்-எஃப்என்எஸ்ஸில் நாட்களைப் பட்டியலிடும் ஃபங்ஷன் கடைசி நாளையும் சேர்த்துத் தரும், மோதலைப் பார்க்கும் ஃபங்ஷனோ தொட்டுக்கொள்ளும் வரம்புகளை மோதல் என்று சொல்லாது. ஒரே லைப்ரரிக்குள்ளேயே இரண்டு விதமான ‘வரை’. எனக்குப் பிடித்தது டெம்பொரல். அது லைப்ரரி அல்ல, ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே சேரும் புதிய தேதி வசதி. பயர்பாக்ஸ் 139இல், 2025 மே மாதம் வந்தது. இல்லாத பிரவுசருக்குப் பாலிஃபில் (அந்த வசதியை ஈடுகட்டும் நிரல்) இருக்கிறது. நாளுக்கு ‘பிளெயின்டேட்’, கணத்துக்கு ‘இன்ஸ்டன்ட்’ என்று அது வகையிலேயே பிரித்துவிட்டது, மாதமும் ஒன்றிலிருந்தே தொடங்குகிறது, ஆப்ஜெக்ட்டும் கைக்குள் மாறாது. ஆனால் வரம்புக்கென்று தனி வகை அதிலும் இல்லை. ‘முடிவு வெளியே’ என்பதை அங்கேயும் நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

சோதிக்கும்போது நோடில் (ஜாவாஸ்கிரிப்ட்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) மண்டலத்தைச் சொல்லும் ‘டிஇசட்’ என்ற சூழல் மாறியை மாற்றி, அதே சோதனைகளைக் கொல்கத்தா, நியூயார்க், யுடிசி மூன்றிலும் ஓட்டுங்கள். நான்காவதாகக் கொழும்பையும் சேர்ப்பது என் வழக்கம். இலங்கை 1996 மே 25ஆம் தேதி நள்ளிரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அந்த நாளுக்கு அங்கே 00:00 என்ற கணமே இல்லை, 01:00இல்தான் தொடங்குகிறது. உள்ளூர் நள்ளிரவை நம்பி அந்த மே மாதத்தை நாள் நாளாகச் சுற்றும் நிரல், 25க்குப் பிறகு ஒவ்வொரு நாளையும் 01:00 என்றே காட்டும். முடிவை உள்ளே வைத்து எழுதியிருந்தால் மே 31ஐ விழுங்கிவிடும். உங்கள் விருந்தினர் பட்டியலில் அன்று பிறந்தவர் யாராவது இருக்கக்கூடும்.